கர்ப்பிணி இல்லாப் பகுதி

இந்தக் கதையில் ஓர் இடத்தில் உங்களுக்குச் சிரிப்பு வரும். சும்மா உதட்டோரச் சிரிப்பு இல்லை, பக்கத்தில் இருப்பவர் என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்க்கும் சிரிப்பு. ஆனால் இப்போதே வராது. மேற்படி சிரிப்பு உரிய வழியாக மேலிடத்துக்கு அனுப்பப்பட்டு ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. அதுவரை வாசகப் பெருமக்கள் ஆதார் நகல் இரண்டும் போட்டோ ஒன்றும் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

விழுப்புரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் 'கருக்காலச் சூழல் கண்காணிப்புப் பிரிவு' என்று ஓர் அலுவலகம் இருந்தது. வயிற்றில் இருக்கும் பிள்ளைகளை ஊர்ப் புகையிலிருந்தும் ஊர் நஞ்சிலிருந்தும் காப்பாற்றுவதற்கென்றே ஏற்பட்டது. மாடிக்கு முப்பத்தெட்டுப் படிகள். லிஃப்ட் கிடையாது. ஏறி வர முடிந்த கர்ப்பிணிகளின் மனுவில் 'மனுதாரர் நல்ல ஆரோக்கியத்துடன் காணப்படுகிறார்' என்று எழுதப்படும். ஏறி வர முடியாதவர்கள் மனு கொடுக்கவில்லை என்பதால் அவர்களுக்குக் குறை இல்லை என்று எழுதப்படும்.

அதன் தலைமைக் கண்காணிப்பாளர் விருத்தாசலம். வயது ஐம்பத்தேழு. திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். லஞ்சம் வாங்க மாட்டார். அவரைப் பற்றி மக்களுக்கு இருந்த பெரிய வருத்தமே அதுதான். வாங்குகிறவராக இருந்தால் எப்போதாவது ஒரு வேலை நடந்திருக்கும். அவருக்கு விதிதான் உயிர். விதி இல்லாத இடத்தில் தானே ஒரு விதி எழுதி, அதன் கீழ் கையெழுத்துப் போட்டு, பிறகு அதற்குப் பயந்து நடப்பார்.

ஒரு திங்கள்கிழமை கலைப்பிரியா முப்பத்தெட்டுப் படியும் ஏறி வந்து நின்றாள். திண்டிவனம் ஊமத்தங்குளத் தெருக்காரி. வாயும் வயிறுமாக இருந்தாள்.

"இன்னா பிரச்சினைம்மா?"

"புகை சார். எங்க தெருவுக்குப் பின்னால பாண்டுரங்கன்னு ஒருத்தரு பழைய ஒயரு, கேபிளு எல்லாத்தையும் கொட்டிக் கொளுத்திக்கினு இருக்காரு. உள்ள இருக்கற செம்பை எடுக்கறாராம். சாயங்காலம் அஞ்சு மணியானா தெருவே கறுப்பாயிடுது. கொடியில காயற துணிகூட அந்த நாத்தம் அடிக்குது. எனக்கு ஆறாம் மாசம்."

"வாழ்த்துகள். பாதிக்கப்படறது யாரு? நீங்களா, குழந்தையா?"

"ரெண்டு பேருந்தான் சார்."

"நீங்க எங்க பிரிவுல வர மாட்டீங்க. குழந்தை மட்டுந்தான். குழந்தை பேரு?"

"இன்னும் பொறக்கலையே."

"ஆதார்?"

"பொறக்காத கொழந்தைக்கு ஏது சார் ஆதாரு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். பொறக்காதவங்க பேர்ல மனு வாங்க விதியில இடமில்லம்மா."

"சரி, பொறந்தப்புறம் எடுத்துக்கினு வர்றேன்."

"பொறந்தப்புறம் அது கருக்காலம் இல்லையே. அப்ப வேற பிரிவு. கீழ, மாட்டாஸ்பத்திரிக்குப் பக்கத்துல."

கலைப்பிரியா மூச்சு வாங்கிக்கொண்டு பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் ஆரோக்கியசெல்வி எழுதிக் கொடுத்தது. 'ஒயர் எரியும் புகையில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் உண்டு. தாய் சுவாசிப்பது ரத்தம் வழியாகக் கருவையும் எட்டலாம். பிள்ளைக்குப் பிற்காலத்தில் நோய் வரும் ஆபத்து அதனால் கூடலாம். இன்ன பிள்ளைக்கு வரும், இன்ன பிள்ளைக்கு வராது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் முன்கூட்டியே புகையை நிறுத்துவது நல்லது.'

விருத்தாசலம் அதை மூன்று தடவை படித்தார். சிவப்புப் பேனாவால் இரண்டு இடத்தில் வட்டம் போட்டார்.

"எட்டலாம், கூடலாம்னு எழுதியிருக்காங்க. உறுதியா ஒண்ணும் இல்லையே. எந்த நோய், எந்த வயசுல, எந்தத் தேதியில? இதெல்லாம் தெளிவா இருந்தா நடவடிக்கை எடுக்க எனக்கு வசதியா இருக்கும்."

"தேதியெல்லாம் நோய் வந்தப்புறந்தான் சார் தெரியும்."

"அப்ப வந்தப்புறம் வாங்க."

"எங்க எதுத்த வூட்டுப் பொண்ணுக்கு நாலு வயசு சார். ரத்தப் புத்து. மொட்டை அடிச்ச தலையோட மெட்ராஸுக்கும் இங்கயும் அலைஞ்சிக்கினு இருக்காங்க. அவங்கம்மா அவளை வயித்துல வச்சிக்கினு இந்தப் புகையிலதான் துணி ஒணத்தினாங்க."

"இந்தப் புகையாலதான் வந்துச்சுன்னு நிரூபிக்க முடியுமா?"

"முடியாது சார். இதனால வரலைன்னு நீங்க நிரூபிக்க முடியுமா?"

விருத்தாசலம் ஒரு கணம் பேனாவைக் கீழே வைத்தார். முப்பது வருட சர்வீஸில் அவரிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. பிறகு அது கேள்வி என்பதையும், கேள்வி கேட்பது மனுதாரரின் வேலை அல்ல என்பதையும் நினைவுபடுத்திக்கொண்டு, மனுவின் தலையில் 'ஆவன செய்யப்படும்' என்ற முத்திரையைக் குத்தினார். அந்த முத்திரை அந்த அலுவலகத்திலேயே அதிகம் தேய்ந்த பொருள்.

அடுத்த திங்கள்கிழமையும் கலைப்பிரியா வந்தாள். மூன்றாவது திங்கள்கிழமை பதினொரு கர்ப்பிணிகளோடு வந்தாள். உட்கார இருந்தது ஒரே நாற்காலி. மற்றவர்கள் ஆளுக்கு மூன்று படி வீதம் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். யாரோ போட்டோ எடுத்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் மேலிடத்திலிருந்து போன் வந்தது.

"மிஸ்டர் விருத்தாசலம், கர்ப்பிணிங்க படியில உக்காந்திருக்கிற போட்டோ எல்லா குரூப்லயும் சுத்திக்கிட்டு இருக்கு. எனக்குப் புகை நிக்கணும்னு இல்லை. போட்டோ நிக்கணும். புரியுதா?"

புரிந்தது. நெருப்பை அணைப்பது அவர் பிரிவின் வேலை இல்லை. புகையைப் பிடிப்பதும் இல்லை. புகைக்கும் கருவுக்கும் நடுவில் இருக்கும் இடம் மட்டும் அவருடையது. அந்த இடத்தில் என்ன செய்யலாம் என்று ஒரு வாரம் யோசித்து, வயிற்றுக் கவசத்தைக் கண்டுபிடித்தார்.

பச்சைத் துணி. பின்னால் ஒட்டிக்கொள்ளும் பட்டை. முன்னால் 'கருவைக் காப்போம், காற்றை வெல்வோம்' என்ற வாசகம். ஒரு கர்ப்பிணிக்கு ஒன்று.

கலைப்பிரியா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கொழந்தை என்ன, வயித்துல ஓட்டை போட்டா சார் மூச்சு விடுது? நான் வுடற மூச்சுதானே அதுக்குப் போவுது? மூக்குக்கு ஒண்ணும் குடுக்கலையே?"

"மூக்கு உங்களுதும்மா. உங்க மூக்குக்கு எங்க பிரிவுல நிதி இல்லை."

ஆனால் கவசம் பிடித்துக்கொண்டது. விழுப்புரத்தில் ஒரு பியூட்டி பார்லர்காரி தன் இன்ஸ்டா பக்கத்தில் பேசினாள்: "ஹாய் மம்மீஸ்! உங்க பேபி பம்ப்புக்கு மேட்சிங்கா கவசம் வேணுமா? கோல்டன் பார்டர், மிரர் வொர்க், குஞ்சலம் வச்சது, எல்லாமே இருக்கு! சீமந்த மேக்கப்புக்கு புக் பண்ணா கவசம் ஃப்ரீ ஃப்ரீ ஃப்ரீ!" ஜோடி ஜோடியாகப் பனமலை ஏரிக்கரைக்குப் போய்க் கவசத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பூவரசன் என்ற ஓர் ஐ.டி. மாப்பிள்ளை தானும் ஒரு கவசம் கட்டிக்கொண்டு, 'நாங்கள் கர்ப்பமாக இருக்கிறோம்' என்று பன்மையில் அறிவித்தார். ஊமத்தங்குளத் தெருவில் ஐந்து மணிக்குப் புகை வந்தது. பச்சைக் கவசங்கள் இரண்டே நாளில் கறுத்தன.

படியில் மறுபடியும் கர்ப்பிணிகள். இந்தத் தடவை இருபது பேர். எல்லோரும் கறுத்துப்போன கவசத்தோடு.

(சிரிப்பு எங்கே என்று கேட்கிறீர்கள். கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது. இடையில் இரண்டு விடுமுறை வந்துவிட்டது.)

அப்போதுதான் விருத்தாசலத்துக்குத் தன் சர்வீஸிலேயே மகத்தான யோசனை உதித்தது. கர்ப்பிணிகளுக்குப் புகையால் ஆபத்து. சரி. அப்படியானால் கர்ப்பிணிகள் இல்லாத இடத்தில் புகைக்கு என்ன தடை? உடனே சுற்றறிக்கை போனது:

'திண்டிவனம் நகர எல்லைக்குள், சுகாதார நிலையப் பதிவேட்டின்படி கர்ப்பிணி எவரும் வசிக்காத தெரு கண்டறியப்பட்டு, கர்ப்பிணி இல்லாப் பகுதி என அறிவிக்கப்படும். திரு. பாண்டுரங்கன் தமது எரிப்புப் பணியை மேற்படி பகுதிக்கு மாற்றிக்கொள்வார். இதனால் கருவிலுள்ள குழந்தைகள் எவருக்கும் பாதிப்பு இல்லை என்பது தெள்ளத் தெளிவாகிறது.'

திங்கள்கிழமை அதை அவரே கலைப்பிரியாவுக்குப் படித்துக் காட்டினார்.

"உங்க தெருவுல இனிமே புகை வராது. சந்தோஷமா?"

"பதிவேட்டுல இருக்கறவங்கதான் கணக்கா சார்?"

"பின்னே?"

"முதல் மூணு மாசம் யாரு சார் வெளிய சொல்றாங்க? பக்கத்து வூட்டுக்குக்கூடத் தெரியாம வச்சிக்குவாங்க. நர்ஸம்மா வந்து கேட்டாலும் இல்லைம்பாங்க. ஆனா அந்த மூணு மாசத்துலதான் கொழந்தைக்கு எல்லாமே உருவாவுது, அப்பதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"பதிவுல இல்லாத கர்ப்பம் அரசுப் பார்வையில கர்ப்பம் இல்லம்மா."

கலைப்பிரியா சுற்றறிக்கையோடு இருந்த படிவத்தைப் பார்த்தாள். 'எங்கள் வீட்டில் கர்ப்பிணி எவரும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்.' கீழே குடும்பத் தலைவர் கையெழுத்து.

படிவத்தை மடித்து மேஜையில் வைத்தாள். பிறகு குரலில் தேன் தடவிக்கொண்டு சொன்னாள்: "சார், ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே? வூட்டு ஆம்பளை மட்டும் கையெழுத்துப் போட்டா நல்லாவா இருக்கும்? வூட்டுல இருக்கற பெரிய பொம்பளையும் போடணும்னு ஒரு கட்டம் வைங்க. ஒரு வூட்டுல போடலைன்னாலும் செல்லாதுன்னு எழுதிடுங்க. பெண்ணுரிமை. பேப்பர்ல வரும்."

விருத்தாசலம் கண்ணை மூடினார். 'பெண்களின் கையெழுத்தே இறுதியானது: அதிகாரியின் முற்போக்கு நடவடிக்கை' என்று எட்டுப் பத்தி அகலத்துக்குத் தலைப்பு தெரிந்தது. ஓரமாகத் தன் போட்டோ. அன்றைக்கே கட்டம் சேர்க்கப்பட்டது.

சுற்றறிக்கை வெளியானதும் திண்டிவனம் கலங்கிப்போனது. எந்தத் தெருவில் கர்ப்பிணி இல்லையோ அந்தத் தெருவுக்குப் புகை. தெரு குரூப்களில் அவசரச் செய்திகள் பறந்தன: 'நண்பர்களே, நம்ம தெருவுல ஜீரோன்னு லிஸ்ட்ல இருக்கு. தெரிஞ்ச கர்ப்பிணிகள் இருந்தால் உடனே அனுப்பவும். தங்க இடம், மூணு வேளை சாப்பாடு. ஏழு மாசத்துக்கு மேல் என்றால் முன்னுரிமை.' மளிகைக் கடைக் கண்ணையன் செஞ்சியில் வாழ்க்கைப்பட்ட மகளைக் கார் வைத்துக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார், ஊர் பார்க்க. புதுசாகக் கல்யாணமானவர்கள் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. "கல்யாணமாயி நாலு மாசம் ஆவுது, தெருன்னு ஒரு பொறுப்பு வேணாமா?" என்று சங்கத் தலைவர் நேரில் போய்க் கேட்டார்.

கணக்கெடுக்கப் போனவர் நெடுஞ்செழியன் என்ற ஆய்வாளர். சுறுசுறுப்பானவர். கண் மட்டும் கொஞ்சம் மங்கல். கண்ணையனின் தொப்பையையும் ஒரு தடவை குறித்துக்கொண்டு, பிறகு மீசையைப் பார்த்துக் குறித்ததை அடித்துவிட்டார்.

கடைசியில் ஊர் முழுக்க ஒரே ஒரு தெருதான் பூஜ்யம் என்று நின்றது. நெல்லிக்கனி நகர். பதினொரு வீடு. எல்லாம் ரிட்டயர் ஆனவர்கள், ஆகப்போகிறவர்கள். பிள்ளைகள் வெளியூரில்.

"சார்," என்று நெடுஞ்செழியன் இழுத்தார். "அது உங்க தெரு சார். கடைசி வீடு உங்க வீடு. அதுக்குப் பின்னால இருக்கற காலி மனையிலதான் கொளுத்தணும்."

விருத்தாசலம் எழுந்து நின்றார். கண்ணில் நீர் கட்டியது. "எழுதுய்யா. சொந்தத் தெரு என்றும் பாராமல்."

இங்கே வாசகர்களுக்கு மட்டும் ஒரு ரகசியம். சாருக்குச் சொல்லிவிடாதீர்கள்.

அவர் மகள் கவிதா, குயிலாப்பாளையத்தில் பேக்கரியில் வேலை பார்க்கும் சித்தார்த்தனுக்கு வாழ்க்கைப்பட்டவள், இரண்டு வாரமாக அந்தக் கடைசி வீட்டில்தான் இருந்தாள். அவளுக்கு மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் அது தெரிந்தவர் அவள் அம்மா காந்திமதி ஒருவர்தான். இரண்டு வருடத்துக்கு முன் முதல் தடவை உண்டானபோது விஷயம் அப்பா காதுக்குப் போனது. அவர் பூரிப்பில் அலுவலக குரூப்பில் போட்டார். நாற்பத்தெட்டுப் பூங்கொத்து வந்தது. பதினோராம் நாள் கரு தங்கவில்லை. கண் பட்டுவிட்டது என்று முடிவு செய்த காந்திமதி, இந்தத் தடவை மூன்று மாதம் முடிகிறவரை ஈ எறும்புக்குச் சொன்னாலும் சொல்வேன், இந்த மனுஷனுக்குச் சொல்ல மாட்டேன் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள்.

விருத்தாசலமோ 'கர்ப்பத்தின் பதினான்கு அறிகுறிகள்' என்று களப் பணியாளர்களுக்குக் கையேடு எழுதியவர்.

அவர் எதிரிலேயே கவிதா காபி வாசனைக்கு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

"இன்னாச்சு அவளுக்கு?"

"பித்தம்," என்றாள் காந்திமதி.

"பேக்கரித் தீனி. அதான்."

அவித்த மல்லாட்டைக் கடலையைக் கண்டால் உயிரை விடுகிறவள் இப்போது தட்டை அந்தப் பக்கம் தள்ளினாள். புளித்த கேப்பைக் கூழை மூன்று வேளையும் கேட்டாள். விருத்தாசலத்துக்கு அதில் பெருமை. "இப்பல்லாம் படிச்ச பசங்க பழைய சாப்பாட்டுக்குத் திரும்பறாங்க காந்தி. இதான் இப்ப டிரெண்டு."

நெல்லிக்கனி நகர் என்று முடிவானதைச் சொன்ன அன்று காந்திமதியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"நம்ம தெருவா? வேணாங்க. எனக்கு இருமல் வரும்."

"இருமல் என் பிரிவுல இல்லை."

"அப்ப ஒரு இருவது நாளு தள்ளிப் போடுங்க."

"இருவது நாள்ல இன்னா ஆவப் போவுது?"

"ஒண்ணும் ஆவாது. சும்மா கேட்டேன்."

"புகை ஒத்துக்கலைன்னா கவிதாவை ஊருக்கு அனுப்பிடேன்."

"இப்ப பஸ்ஸுல போவக் கூடாது."

"ஏன்?"

"சூலம்."

"தினமுமா சூலம்?"

"இந்த மாசம் பூரா சூலந்தான்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள் காந்திமதி.

விதிப்படி முறையான தொடக்கத்துக்கு முன் மூன்று நாள் வெள்ளோட்டம் பார்க்க வேண்டும். அந்த விதியையும் அவர்தான் எழுதியிருந்தார். மூன்று சாயங்காலமும் பாண்டுரங்கன் ஒரு கோணி ஒயரைக் கொண்டுவந்து காலி மனையில் கொளுத்தினார். விருத்தாசலம் பக்கத்திலேயே நின்று, புகை வடக்கே போகிறதா தெற்கே போகிறதா என்று குறித்தார். மூன்று நாளும் அது நேராக அவர் வீட்டு ஜன்னலுக்குத்தான் போனது. 'புகை ஒழுங்காகச் செல்கிறது' என்று எழுதினார். வீட்டில் ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத் துணி அடைத்திருந்தது. உள்ளே கவிதா வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. "இன்னும் பித்தம் அடங்கலையா?" என்று அக்கறையோடு கேட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றி, கரிநாற்றத்தோடு அவள் கட்டில் கம்பியில் மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடக்க விழா. ஷாமியானா. மைக் செட். ஷேர் ஆட்டோவில் குழாய் கட்டி ஊர் முழுக்கக் கத்தியிருந்தார்கள்: "வாரீர், வாரீர், உங்கள் தெருவைவிட்டுப் புகை போகும் கண்கொள்ளாக் காட்சியைக் காண அலைகடலென வாரீர்!" வந்தார்கள். எல்லாத் தெருக்காரர்களும் குடும்பத்தோடு, வேறு யாரோ வீட்டுக்குப் புகை போவதைப் பார்க்கும் மகிழ்ச்சியோடு வந்தார்கள். இப்போது எட்டாம் மாதமாகிவிட்ட கலைப்பிரியாவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். பாண்டுரங்கன் லாரி நிறையக் கேபிளோடு, கையில் தீப்பெட்டியோடு நின்றார்.

நெடுஞ்செழியன் மைக்கைத் தட்டினார். "இப்பொழுது நெல்லிக்கனி நகர்க் குடும்பத் தலைவிகள் ஒவ்வொருவராக வந்து கையெழுத்திடுவார்கள்."

முதல் வீடு, ஓய்வுபெற்ற வீரம்மாள் டீச்சர். அறுபத்தெட்டு வயது. படிவத்தைப் படித்துவிட்டு, "என்னைப் பாத்து இந்தக் கேள்வி கேக்கறியே, உனக்கு வெக்கமா இல்ல?" என்று நெடுஞ்செழியனைக் கேட்டுக்கொண்டே போட்டார். இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு. பத்து வீடு முடிந்தது. பதினோராவது காந்திமதி. பேனாவைக் கையில் வாங்கியவள் அப்படியே நின்றாள்.

"போடு காந்தி," என்றார் விருத்தாசலம். மைக் அணைக்கப்படவில்லை. ஊருக்கே கேட்டது.

"போட மாட்டேன்."

"ஏன்?"

"'எங்கள் வீட்டில் யாரும் இல்லை'ன்னு என் கையால எழுதச் சொல்றீங்களே, அடுக்குமா? அந்த வார்த்தையை எழுதினா வெளங்குமா?"

"உண்மையைத்தானே எழுதச் சொல்றேன்?"

காந்திமதி பேனாவை மூடினாள்.

"சரி, அப்ப 'இருக்கிறார்'னு எழுது."

"அதையும் இப்ப எழுத முடியாது."

"இல்லைன்னும் எழுத மாட்டே, இருக்குன்னும் எழுத மாட்டே. படிவத்துல மூணாவது கட்டம் கிடையாது காந்தி. எப்பதான் எழுதுவே?"

"வர்ற புதனை வுட்டு அடுத்த புதன்."

முதலில் சிரித்தது வீரம்மாள் டீச்சர். கையெழுத்துப் போட்ட மற்ற ஒன்பது பெண்களும் முந்தானையால் வாயை மூடினார்கள். பிறகு முன்வரிசை, பிறகு ஷாமியானா முழுக்க. விருத்தாசலம் நெடுஞ்செழியனைப் பார்த்தார். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா? புதன்கிழமைக்கும் படிவத்துக்கும் இன்னா சம்பந்தம்?"

"சார்," என்றார் பாண்டுரங்கன், நாலு பிள்ளை பெற்றவர். "இன்னுமா சார் வெளங்கல?"

"நீ தொழிலைப் பாருய்யா!"

அந்த நேரம் லாரிக்காரன் வண்டியை உறுமவிட்டான். டீசல் புகை காம்பவுண்டுப் பக்கம் போனது. அங்கே கேட்டுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த கவிதா, வாயைப் பொத்திக்கொண்டு துளசி மாடத்தடியில் போய்க் குனிந்தாள். அத்தனை தலையும் அந்தப் பக்கம் திரும்பியது.

கூட்டம் கவலைப்படக் கூடாதே என்று விருத்தாசலம் மைக்கில் அறிவித்தார்: "ஒன்றுமில்லை. பித்தம்."

நான்கு மூலையில் கட்டியிருந்த நான்கு குழாயும் 'பித்தம், பித்தம்' என்றன. மக்கள் நாற்காலியைவிட்டு விழுந்து சிரித்தார்கள். கண்ணையனுக்குப் புரையேறியது. விருத்தாசலம் தன் குரல் தன்னிடமே திரும்பி வருவதைக் கேட்டார். பித்தம். காலையில் குமட்டல், அறிகுறி ஒன்று. வாசனை ஒவ்வாமை, அறிகுறி இரண்டு. புளிப்பு. பிடித்த பண்டத்தில் வெறுப்பு. மயக்கம். தன் கையேட்டைத் தானே மனசுக்குள் புரட்டிக்கொண்டு போனவர் ஒன்பதாவதில் நின்றார். அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

மூன்று சாயங்காலம். நேராக ஜன்னலுக்கு. கட்டில் கம்பியில் சட்டை.

"கொளுத்தாதே," என்றார். "பாண்டுரங்கா, தீப்பெட்டியைக் கீழ போடு."

"போடறேன் சார். ஆனா சரக்கு லாரியில நிக்குது. வேற எந்தத் தெருன்னு ஜல்தியா சொல்லுங்க, போய்க்கினே இருக்கறேன்."

சிரிப்பு பட்டென்று நின்றது. மறுகணம் ஷாமியானாவில் அத்தனை பேரும் எழுந்து விரல் நீட்டினார்கள். மளிகைக் கடைத் தெரு பஜனைக் கோயில் தெருவைக் காட்டியது. பஜனைக் கோயில் தெரு புதுத் தெருவைக் காட்டியது. புதுத் தெரு சுற்றி வந்து மளிகைக் கடைத் தெருவையே காட்டியது. "அங்க போங்க! அவங்க தெருவுல யாரு இருக்கா?" ஊரே விரலாக இருந்தது.

விருத்தாசலம் அந்த விரல்களைப் பார்த்தார். நீட்டாத கைகளும் சில இருந்தன. மூன்றாவது வரிசையில் ஒரு புதுமணப்பெண்ணின் கை மூக்கைப் பொத்தியிருந்தது. தூணோரத்தில் ஒருத்தியின் கை முந்தானைக்குள் வயிற்றின் மேல் இருந்தது. இன்னும் ஒரு மாமியார், "எங்க தெருவுல ஒருத்தரும் இல்ல, ஆனா அங்க மட்டும் வரக் கூடாது!" என்று கத்திக்கொண்டே மருமகளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தாள். இப்படி ஏழு பேரை எண்ணினார். ஏழு பேரும் ஏழு தெரு. ஒருத்தியும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அவர் மெல்லத் தலையைத் திருப்பினார். முன்வரிசையில் கலைப்பிரியா மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் கையெழுத்துக் கட்டம்," என்றார். "தெரிஞ்சுதான் வைக்கச் சொன்னீங்களா?"

"உங்க வூடுன்னு தெரியாது சார்," என்றாள் அவள். "எந்தத் தெருவா இருந்தாலும் ஒரு வூடு இருக்கும்னு தெரியும்."